ஒரே இடத்தில் இரண்டு இரவு

டயோகா சாலை திறந்துவிட்டது என்ற செய்தி வந்தால்தான் எங்கள் வீட்டில் கோடை தொடங்கும். யோசெமிட்டி தேசியப் பூங்காவின் மேட்டுப் பகுதியைக் குறுக்கே கடக்கிற சாலை அது. நவம்பர் வாக்கில் பனி விழுந்ததும் மூடுவார்கள். மே கடைசியிலோ ஜூனிலோ திறப்பார்கள். 2023-இல் சியரா நெவாடாவில் கொட்டிய பனியை ஒதுக்கி முடிக்க ஜூலை 22 ஆகிவிட்டது. டயோகா கணவாயின் உயரம் 9,943 அடி. கலிஃபோர்னியாவின் நெடுஞ்சாலைகளில் இதைவிட உயரமான கணவாய் கிடையாது.

1883-இல் ஒரு வெள்ளிச் சுரங்கத்துக்காகப் போட்ட வண்டிப்பாதைதான் இது. மறு ஆண்டே சுரங்கக் கம்பெனி நொடித்துப்போனது, பாதை மிஞ்சியது. 1915-இல் ஸ்டீபன் மேதர் நண்பர்களோடு சேர்ந்து பணம் போட்டு அதை வாங்கி அரசுக்குக் கொடுத்தார். பின்னாளில் தேசியப் பூங்காத் துறையின் முதல் இயக்குநரானவர் அவர். ஒவ்வொரு கோடையிலும் வண்டி அந்த ஏற்றத்தைத் தொடும்போது அவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

*

எங்கள் வீடு சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், கிட்டத்தட்டக் கடல்மட்டத்தில். விடிகாலையில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினால் மத்தியானத்துக்குள் டயோகா சாலையில் இருக்கும் டுவாலமி புல்வெளி. அங்கே 8,600 அடி. அரை நாளில் இவ்வளவு ஏறுவதை உடம்பு சும்மா ஏற்றுக்கொள்வதில்லை. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போவது குறைந்துவிடுகிறது. தலைவலி, குமட்டல், தூக்கம் பிடிக்காமல் புரளுவது எல்லாம் அதனால்தான். முதல் நாள் நாங்கள் பை தூக்கி நடப்பதில்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்போம், தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்போம், அங்கேயே படுப்போம். காலையில் தலைவலி தணியாமல் கூடினால் கீழே இறங்கிவிட வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறுவது கூடவே கூடாது.

*

யார் முன்னால் நடப்பது?

ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கும். என் கணவர், இவருக்கு நீளக் கால். இவர் முன்னால் போனால் திருப்பத்தில் நின்று காத்திருப்பார். நான் போய்ச் சேர்ந்ததும், ஓய்வெடுத்தாகிவிட்டதால் மறுபடி கிளம்புவார். வேகமானவருக்கே இரண்டு மடங்கு ஓய்வு, மெதுவானவருக்கு ஒன்றுமில்லை. “நீ முன்னால போ. உன் காலுக்கு நான் வர்றேன்” என்று சொன்னது இவர்தான். அதிலிருந்து எங்கள் நடைக்கு வேகம் வைப்பவள் நான். எத்தனையோ தம்பதிகள் பாதையில் அரை மைல் இடைவெளியில், முகம் இறுகி, தனித்தனியாக நடந்து போவதைப் பார்க்கிறேன். வரிசையை மாற்றிப் பாருங்கள் என்று சொல்ல வாய் துடிக்கும்.

சுமையிலும் ஒரு கணக்கு உண்டு. கூடாரம் இவர் பையில், சாப்பாடு என் பையில். கூடாரத்தின் எடை கடைசிவரை அப்படியே இருக்கும். சாப்பாடு நாளுக்கு நாள் குறையும்.

*

லைல் கேன்யன். டுவாலமியிலிருந்து தெற்கே, ஆற்றை ஒட்டி எட்டு மைலுக்குப் பாதை ஏறக்குறைய சமதளமாகவே போகும். ஜான் மியூர் பாதையின் ஒரு துண்டு இது. புல்வெளியிலிருந்து நான்கு மைல் தாண்டிய பிறகுதான் கூடாரம் போடலாம்; தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 100 அடி தள்ளித்தான் போட வேண்டும். புல்லின் மேல் போடக் கூடாது. அந்தப் புல்லுக்கு வருடத்தில் சில வாரங்களே வளர்ச்சிக் காலம். நாம் ஒரு இரவு படுத்து நசுக்கினால் அது தேறி எழப் பல கோடைகள் ஆகும்.

இங்கேதான் எங்களுக்கு ஒரு பழக்கம் பிடிபட்டது. பெரும்பாலானவர்கள் ஒரு இரவு தங்கி, காலையில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓடுகிறார்கள். நாங்கள் ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்குகிறோம். நடக்கத் தொடங்கும் முதல் நாள் முழுவதும் சுமை, பாதை, தண்ணீர், இருட்டுமுன் இடம் பிடிப்பது என்றே போய்விடும். மனசு இன்னும் வீட்டில்தான் இருக்கும். இரண்டாம் நாள்தான் மலை கண்ணில் படுகிறது. முன்கால் மடித்து நிமிர்ந்து நிற்கும் தரை அணில்கள், பாறைமேல் வெயில் காயும் மர்மோட், காலையில் கணுக்கால் அளவு ஓடிய ஓடை சாயங்காலம் முழங்காலுக்கு ஏறியிருப்பது. பகல் முழுக்க வெயிலில் உருகிய பனி மேலிருந்து நம் இடத்துக்கு வந்து சேர நேரம் பிடிக்கிறது. அதனால்தான் கோடைத் தொடக்கத்தில் ஓடைகளைக் காலையிலேயே கடக்கச் சொல்கிறார்கள். கடக்கும்போது பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிட வேண்டும். விழுந்தால் பை போகட்டும்.

இவருக்கும் எனக்கும் இடையிலும் அப்படித்தான். வீட்டில் பேசி முடியாத விஷயங்கள் இரண்டாம் நாள் மத்தியானம்தான் வாயில் வருகின்றன. அம்மாவை எங்கே வைத்துக்கொள்வது, இன்னும் எத்தனை வருடம் வேலை, ஊருக்குத் திரும்புவதா வேண்டாமா. எதிரே உட்கார்ந்து பேசினால் வாக்குவாதமாகும் பேச்சு, ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்து பேசும்போது பேச்சாகவே இருக்கிறது.

*

அந்த இரண்டாம் நாளில் பையை வைத்துவிட்டு டொனஹூ கணவாய்ப் பக்கம் ஏறினால் லைல் சிகரம் தெரியும். 13,114 அடி, பூங்காவிலேயே உயரமானது. அதன் மடியில் கிடக்கும் வெள்ளைத் திட்டு லைல் பனியாறு. பனியாறு என்றால் தன் எடையாலேயே மெல்ல நகர வேண்டும். லைல் நகர்வதை நிறுத்திவிட்டது என்று 2013-இல் பூங்காத் துறை அறிவித்தது. இனி அது உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டி மட்டுமே. நாங்கள் குடிக்கிற ஆறு அங்கிருந்துதான் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு இறங்கும்போது இருவருக்குமே பேச்சு வரவில்லை.

*

மரங்கள் வளர்வது நின்றுபோகும் உயரத்துக்கு அருகில் முறுக்கிக்கொண்டு நிற்பவை வெண்பட்டைப் பைன்கள். இவற்றின் கூம்பு தானாக வெடித்து விதையைக் கொட்டாது. கிளார்க்ஸ் நட்கிராக்கர் என்கிற சாம்பல் நிறப் பறவைதான் கூம்பைக் கொத்தி உடைத்து, விதைகளைத் தொண்டைப் பையில் நிரப்பி, குளிர்காலத்துக்காக ஆயிரக்கணக்கான இடங்களில் புதைத்து வைக்கிறது. எடுக்காமல் விட்டவை முளைக்கின்றன. அயல்நாட்டிலிருந்து வந்த ஒரு பூஞ்சை நோயும், பட்டை வண்டுகளும், சூடாகும் பருவமும் சேர்ந்து இந்த மரத்தை வாட்டுகின்றன. 2022-இல் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் இது சேர்ந்தது.

*

சமையல் பற்றி விரிவாக எழுத வேண்டும். இங்கே கிடைக்கும் பொட்டலச் சாப்பாடு நம் நாக்குக்கு மூன்றாம் வேளைக்குமேல் இறங்காது.

ஒன்பதாயிரம் அடியில் தண்ணீர் 91 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்குமேல் சூடேறாது. துவரம்பருப்பு லேசில் குழையாது. புழுங்கலரிசியும் நடுவில் விறைத்தே நிற்கும். காஸ்தான் வீணாகும். ஆகவே வேக வேண்டாத சாப்பாடு. அவல் முதலிடம்: தாளித்து, வேர்க்கடலையும் உலர்ந்த கறிவேப்பிலையும் போட்டுப் பொட்டலம் கட்டி எடுத்துப்போய், வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்தால் போதும். வறுத்த ரவையை நெய்யும் கடுகும் சேர்த்து உப்புமாவுக்குத் தயாராக வைத்துக்கொள்ளலாம். சோற்றை வீட்டிலேயே வடித்து, காயவைக்கும் மின்பெட்டியில் ஒரு இரவு உலர்த்தி எடுத்துப் போனால் மலையில் வெந்நீரில் மறுபடி சோறாகிவிடும். அதோடு புளிக்காய்ச்சல், அல்லது பருப்புப்பொடியும் நெய்யும். நாள் முழுக்க வேர்த்து நடந்த உடம்பு உப்பையும் புளிப்பையும் கேட்கும். ஒரு நாரத்தங்காய் ஊறுகாய்த் துண்டுக்கு அந்த உயரத்தில் இருக்கும் ருசி வேறெங்கும் இல்லை.

விறகுத் தீ வேண்டாம். 9,600 அடிக்கு மேல் அதற்குத் தடையே உண்டு, அங்கே மரம் வளர்வது அவ்வளவு மெதுவாக. சின்ன காஸ் அடுப்பு போதும்.

*

சாப்பாடு அத்தனையும் கரடிப்பெட்டிக்குள் போக வேண்டும். கடினமான பிளாஸ்டிக் உருளை, திருகு மூடி, ஒன்றேகால் கிலோ எடை. பூங்காவின் காட்டுப் பகுதியில் இரவு தங்குபவர் எவரும் இதில்லாமல் போக முடியாது. சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, முகக் களிம்பு என்று வாசனை உள்ள எதுவானாலும் உள்ளே. பெருங்காயம் போட்ட புளிக்காய்ச்சல் மூடி திறந்தால் எவ்வளவு தூரம் மணக்கும் என்று நமக்கே தெரியும், கரடியின் மூக்கைக் கேட்கவா வேண்டும்? இரவில் பெட்டியைக் கூடாரத்திலிருந்து தள்ளி, உருண்டு ஆற்றில் விழாத இடத்தில் வைக்கிறோம்.

கலிஃபோர்னியாவில் இப்போது இருப்பது கருங்கரடிதான். மாநிலக் கொடியில் இருக்கும் கிரிஸ்லியை 1920-களுக்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை, கொன்று தீர்த்துவிட்டார்கள். கருங்கரடிக்கும் அந்தக் கதி வரக் கூடாது. 1998-இல் யோசெமிட்டியில் 1,500-க்கும் மேற்பட்ட கரடிச் சம்பவங்கள் பதிவாயின. கரடிகள் கார்க் கதவைப் பிய்த்துச் சாப்பாடு எடுக்கப் பழகியிருந்தன. மனிதச் சாப்பாடு தின்று துணிந்துவிட்ட கரடியைக் கடைசியில் கொல்லத்தான் நேர்கிறது. முகாம்களில் இரும்புப் பெட்டகம், நடப்பவர்களுக்கு இந்த உருளை, மீறினால் அபராதம் என்று கட்டாயமாக்கிய பிறகு எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. சுமை என்று முணுமுணுப்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்: அந்த ஒன்றேகால் கிலோ ஒரு கரடியின் உயிர்.

*

கொசு: பனி உருகிய பின் சில வாரங்கள், பெரும்பாலும் ஜூலை முடியும் வரை. ஆகஸ்ட் பாதிக்குமேல் ஓயும்.

இடி: ஜூலை, ஆகஸ்ட்டில் மத்தியானத்துக்குமேல் மேகம் திரளும். மொட்டைப் பாறையிலும் கணவாயிலும் அந்நேரம் நிற்கக் கூடாது. ஏற்றமெல்லாம் காலையில்.

*

தெனாயா ஏரியில் வண்டியை நிறுத்தாதவர் கிடையாது. வெள்ளை மணலும், மழித்த பாறைகளும், தெளிந்த நீலமுமாக இருக்கும். 1851-இல் வெள்ளைக் குடியேறிகளின் மரிபோசா படைப்பிரிவு தெனாயா என்ற பூர்வகுடித் தலைவரின் மக்களை இந்தக் கரையில்தான் பிடித்துக் கீழே கொண்டுபோனது. பிடித்தவர்களே ஏரிக்கு அவர் பெயரையும் வைத்தார்கள். இந்தக் கணவாய்களின் வழியாகக் கிழக்கிலிருந்து எரிமலைக் கண்ணாடிக்கல்லும் பைன் கொட்டையும், மேற்கிலிருந்து ஓக் கொட்டையும் பல நூற்றாண்டுகளாகக் கைமாறின. பையூட், மிவோக் மக்கள் நடந்த தடங்களின் மேல்தான் இன்றைய பாதைகள் பல போகின்றன. 1964-இன் காட்டுநிலச் சட்டம் மனிதனை இங்கே வந்து போகும் விருந்தாளி என்கிறது. இந்தப் பூர்வகுடி மக்கள் விருந்தாளிகளாக இருந்ததில்லை.

*

நம்மவர்கள் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் யோசெமிட்டிக்குக் கூட்டிப்போகிறோம். பள்ளத்தாக்கில் அருவியைப் பார்த்து, படம் எடுத்து, அன்று இரவே திரும்பிவிடுகிறோம். அதுவும் வேண்டியதுதான். ஆனால் இருவராக ஒருமுறை மேலே போய்த் தங்குங்கள். காட்டில் இரவு தங்க அனுமதிச் சீட்டு வேண்டும். ஒவ்வொரு பாதைக்கும் உள்ள இடங்களில் 60 சதவீதத்தை 24 வாரங்களுக்கு முன்பே குலுக்கலில் கொடுக்கிறார்கள், மீதி 40 சதவீதம் ஏழு நாட்களுக்கு முன் திறக்கும். கொசு அடங்கிய ஆகஸ்ட் கடைசியைக் கேளுங்கள். லைல் கேன்யன் கிடைக்காவிட்டால் யங் ஏரிகள் பக்கம் கேளுங்கள். எதைக் கேட்டாலும் ஒரே இடத்தில் இரண்டு இரவுக்குக் கேளுங்கள்.