முதல் கவர்

எங்க அண்ணன் சின்ன அளவில் கான்ட்ராக்ட் எடுப்பவர். வடிகால், சிறுபாலம், சிமென்ட் சாலை. போன வருஷம் வேறொரு ஊர் டெண்டரில் அவருடைய விலைக் கவரைப் பிரிக்கவே இல்லை. ஒப்பந்ததாரர் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்.

"நான் போட்டதுதாம்மா குறைச்ச ரேட்டு. ஒரு பேப்பருக்காகத் தள்ளிட்டாங்க" என்று திருவிடைமருதூரில் எங்க வீட்டுக்கு வந்து புலம்பினார். அண்ணியும் கூடவே.

அது மத்திய அரசின் 15-வது நிதிக்குழு மானியம். பணம் டெல்லியிலிருந்து வந்தாலும், டெண்டர் விடுவது 1998-ல் வந்த தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படிதான். இரண்டு கவர் முறை என்றால், முதல் கவரில் பதிவு, ஜி.எஸ்.டி., முன்வைப்புத் தொகை, முன்பு முடித்த வேலைகள் என்று ஆளைப் பற்றிய தாள்கள் இருக்கும். அதில் தேறினால்தான் விலை. பெண் கொடுக்கும்போது நாம் மட்டும் விசாரிக்காமலா தட்டு மாற்றுகிறோம்?

"குறைச்ச ரேட்டுக்கு எடுத்துட்டு ஒருத்தர் பாதியில விட்டுட்டுப் போனா, மழைத் தண்ணி நிக்கிறது யார் வாசல்ல அண்ணே?" என்றேன். என் மாமியார் தினமும் மகாலிங்க சுவாமி கோயிலுக்கு நடந்துதான் போகிறார்.

"நான் அப்படிப்பட்டவனாம்மா?"

"எனக்குத் தெரியும். டெண்டர் பிரிக்கிறவங்களுக்கு அந்தத் தாளை விட்டா எப்படித் தெரியும்?"

அண்ணன் பேசாமல் காபியைக் குடித்தார். மறுவாரமே பதிவைப் புதுப்பித்துவிட்டார். அண்ணிதான் இன்னும் எனக்கு போன் பண்ணவில்லை.