இரும்பு நீர்

பிப்ரவரி 6

மழை ஒதுங்கிவிட்ட இந்நாட்களில் அல்லிக் குளத்துக்கென்று கிணற்றிலிருந்து இறைத்தபோது நிர்மலமாக விளங்கிய நீர், சாயங்காலத்துக்குள் செம்மண் கரைத்தாற்போல் மாறிவிட்டது. பிறை ஆற்றுக்கு அணித்தே வண்டல் படிந்து கிடக்கும் செபராங் ஜெயாவின் நிலத்தடியில், பிராணவாயு எட்டாத ஆழத்தில், நிறமின்றிக் கரைந்திருக்கும் இரும்பு, காற்றைக் கண்டதும் துருவாகத் திரண்டு வீழ்கிறது. வாய்க்காலில் மிதந்த வானவில் படலம் எண்ணெய்தானா என்ற விவாதம் எழவே, அயல்வீட்டுப் பெரியவர் ஒரு குச்சியை நீட்டினார்: "தொட்டுப் பாருங்க தம்பி. உடைஞ்சு சில்லு சில்லா நின்னா இரும்புக் கிருமி. மறுபடி ஒண்ணு சேர்ந்தாத்தான் எண்ணெய்." சில்லு சில்லாகவே நின்றது.

பிப்ரவரி 9

இரும்பை நீக்கவென்று பொடியும் திரவமுமாகக் கடைகளில் விற்பனவற்றில் எனக்குச் சிரத்தை இல்லை; இவ்வியாதிக்குக் காற்றே மருந்து. ஏழு மில்லிகிராம் இரும்பைத் துருவாக்க ஒரு மில்லிகிராம் பிராணவாயு போதும். இடையூறு இருப்பது நீரின் புளிப்பில்: அது மிகுந்தால் மாற்றம் மந்தமாகிறது, பி.ஹெச். அளவு ஒரு படி உயர்ந்தாலோ நூறு மடங்கு வேகம் கொள்கிறது. கரைந்த கரியமில வாயு அப்புளிப்புக்கு முக்கிய காரணமாதலால், நீரை மெல்லிய தாரைகளாகச் சிதறி விழச் செய்தால், பிராணவாயு உட்புகுவதும் கரியமில வாயு வெளியேறுவதும் ஏககாலத்தில் நடந்துவிடுகின்றன. ஆகவே துளையிட்ட குழாயின் கீழ் ஒரு தட்டை வைத்து, அதில் கிராங் சிப்பியோடுகளை இடித்துப் பரப்பினோம். அவற்றின் சுண்ணாம்பு எஞ்சிய புளிப்பையும் மெல்லத் தணிக்கும். சந்தைக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் சிப்பியோட்டுக்குப் பஞ்சமில்லை.

பிப்ரவரி 10

பெர்லின் நகரத்தாரும் இத்தொல்லையை அனுபவித்தவர்களே. 1877-இல் டேகல் ஏரிக்கரைக் கிணறுகளிலிருந்து நீர் வழங்கத் தொடங்கியவர்களுக்கு, துருவைப் போர்த்துக்கொண்டு நூல் நூலாக வளரும் கிருமி குழாய்களில் பெருகியதால், கிணறுகளைக் கைவிட்டு ஏரி நீரையே நாட நேர்ந்தது. கோக் கரி அடுக்குகளின்மேல் நீரைச் சொரியவிட்டுப் பிறகு மணலில் வடிக்கும் முறை அதன்பின்னரே அங்கே உருப்பெற்றது. நம்முடைய தட்டும், அதிலிருந்து விழும் நீரை ஏந்தும் பீப்பாயும் அதன் ஏழைப் பிரதி.

பிப்ரவரி 17

குளத்திலேயே பாய்ச்சி அங்கேயே தெளியவிடலாமே என்பாரும் உண்டு. அல்லிக்கு அது பெரிய கேடன்று. மீனுக்கோ, துருத் துகள் செவுளில் படிந்து மூச்சை அடைப்பதோடு, மாற்றம் நிகழ்கையில் குளத்தின் பிராணவாயுவும் அபகரிக்கப்படும். ஆதலால் தட்டிலிருந்து விழும் நீரை ஓரிரவு பீப்பாயில் தங்கவிட்டு, மணலில் வடித்தே குளத்துக்கு விடுகிறோம். மணலின் மேற்பரப்பில் ஏறும் செம்படலத்தை அவ்வப்போது கழுவித்தான் ஆக வேண்டும். இம்முறையில் சள்ளை பிடித்த வேலை இதுவொன்றே.

பெரியவர் வீட்டு அம்மாள் கடுந்தேயிலைச் சாற்றை இரண்டு கோப்பைகளில் கொண்டுவந்தார். தேயிலையின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு கூடினால் கறுக்கும். கிணற்று நீர் விட்ட கோப்பை கறுத்தது. வடிநீர் விட்டது நிறம் மாறவில்லை. ஆயினும் லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியில் கறை ஏற்றும் இரும்பை அளக்கக் கோப்பைச் சோதனை போதாது; மீன் விடுமுன் ஒரு போத்தல் நீரைப் பரிசோதனைச் சாலையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.