சுமப்பவற்றைப் பேணுவோம்

வீட்டுச் சுவருக்கு வண்ணம் தீட்டுவதில் நாம் காட்டும் அக்கறையை அஸ்திவாரத்தின் மீது காட்டுவதில்லை. கண்ணில் படுவது பேணப்படுகிறது, சுமப்பது மறக்கப்படுகிறது. பேருந்தின் முன் அச்சும் அதன் கமான்பட்டைகளும் அவ்வாறு மறக்கப்படும் பொருள்களே. கமான் என்பது பாரசீக மொழியில் வில்லைக் குறிக்கும். வளைந்த அந்த எஃகுப் பட்டைகளைக் கண்டோர்க்குப் பெயரின் பொருத்தம் எளிதில் விளங்கும்.

கலைப் பட்டம் பெற்று, மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் எனக்கு இயந்திரப் பாடம் புகட்டியவர், முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் பணிபுரியும் அவர், பழைய பேருந்து ஒன்றை வாங்கி, அடுப்பங்கரையும் படுக்கையும் குளியலறையும் அமைத்து, மனைவி மக்களுடன் ஊர் ஊராகச் செல்லும் வீடாக மாற்றியிருக்கிறார். அந்நாட்டில் இவ்வழக்கம் நெடுங்காலமாக உண்டு. கிரேஹவுண்ட் நிறுவனத்துக்காக 1954 முதல் 1956 வரை ஜெனரல் மோட்டார்ஸ் கட்டிய 1001 சீனிக்ரூஸர் பேருந்துகளுள் சில, பணி முடிந்தபின் இவ்வாறே வீடுகளாயின. அவற்றில் எஃகுப் பட்டைகளுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர்ப் பைகளே பாரத்தைத் தாங்கின.

விடுமுறையில் ஊர் வந்தபோது அவர் சொன்னார்: "ஹஜ்ரத், பயணிகள் இறங்கினால் பேருந்தின் சுமை குறையும். வீடாக்கிய பேருந்தில் சுமை இறங்குவதே இல்லை." தண்ணீர்த் தொட்டி, பேட்டரிகள், அலமாரிகள் யாவும் இரவும் பகலும் அழுத்திக்கொண்டே இருக்கும். அவை முன்பக்கம் மிகுந்துவிட்டால் முன் அச்சு விரைவில் தேயும். ஆதலின் தொட்டியை நிரப்பி, எல்லாப் பொருள்களையும் ஏற்றியபின் முன் அச்சைத் தனியே எடை போட்டுப் பார்க்க வேண்டுமாம். ஓடாமல் நிறுத்தி வைப்பதும் கேடுதான். ரப்பர் வெடிக்கிறது, கிரீஸ் இறுகுகிறது. டயரின் பக்கத்தில் பொறித்துள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் கூறும். பட்டன் தேயாதிருப்பினும் வயதான டயரை நம்பலாகாது.

பேச்சினிடையே எங்கள் மதரஸாப் பேருந்தின் மீது அவர் பார்வை சென்றது. முன் இடது டயர் உட்புறம் மட்டும் தேய்ந்திருந்தது. ஓட்டுநரை அழைத்து, முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, அடியில் உறுதியான ஸ்டாண்டு கொடுக்கச் செய்தார். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்தார். டக் டக்கென ஒலித்தது. பிரேக்கை அழுத்தச் சொல்லி மீண்டும் அசைத்தார், ஆட்டம் நிற்கவில்லை. "நின்றிருந்தால் சக்கர பேரிங்கில் குறை. நிற்காததால் கிங்பின்னும் அதன் புஷ்களும் தேய்ந்திருக்கின்றன" என்றார். கமான்பட்டை ஒன்றின் குறுக்கே மெல்லிய துருக்கோடு ஓடியது. துடைத்துப் பார்த்தபோது அது விரிசல் எனத் தெரிந்தது.

ஆண்டு விழாவுக்காகப் பேருந்துக்கு வண்ணம் பூசவே நிர்வாகக் குழு பணம் ஒதுக்கியிருந்தது. "இத்தனை காலம் ஓடிய வண்டிதானே? அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். அவர் ஈமானில் எனக்கு ஐயமில்லை. எனினும் ஒட்டகத்தைக் கட்டாமல் விட எண்ணியவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த அறிவுரையை அவையில் நினைவூட்டினேன். "காலையில் தாய்மார்கள் நம்மிடம் ஒப்படைக்கும் பிள்ளைகள் அமானத். வண்ணத்தைப் பற்றி மறுமையில் கேள்வி வராது, இந்த அமானத்தைப் பற்றி வரும்" என்றேன். நெடுநேர வாதத்துக்குப் பின் வண்ணப் பணம் பட்டறைக்குச் சென்றது. ஒன்பது நாள்கள் பேருந்து ஓடவில்லை. பெற்றோர் சிலர் கடிந்துகொண்டனர். விழாவன்று அது பழைய நிறத்துடனேயே நின்றது. ஆனால் "இப்போது ஸ்டியரிங் கைக்கு அடங்குகிறது" என்று ஓட்டுநர் சொன்ன சொல், எந்தப் பாராட்டுரையினும் எனக்கு இனித்தது.

பள்ளி, மதரஸா வண்டிகளை நிர்வகிக்கும் சகோதரர்களுக்குச் சில சொற்கள். கிங்பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும்போது சக்கரம் தரையில் ஊன்றியிருந்தால், பாரம் அழுத்தும் பரப்புக்குள் கிரீஸ் நன்கு புகாது. முன் அச்சைத் தூக்கி, பழைய கிரீஸ் வெளியேறும்வரை அடிக்கச் சொல்லுங்கள். கமான்பட்டையை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளின் இறுக்கத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கிங்பின் மாற்றியபின் சக்கரங்களின் நேர்மையைச் சரிபார்க்காவிடில் புது டயரும் வீணாகும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரையும் வண்டிக்கடியில் நுழைய விடாதீர்கள். காற்றுப்பை வண்டியாயின் எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். காற்று இறங்கினால் வண்டி முழுதும் நொடியில் அமர்ந்துவிடும்.

பயண துஆவை நாம் வழமையாக ஓதுகிறோம். அதற்கு முன் குனிந்து சக்கரங்களைப் பார்ப்பதும் அந்தப் பிரார்த்தனையின் அதபுதான் என்று கருதுகிறேன். வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் பயணங்களைப் பாதுகாப்பானவையாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.