குமிழ்

தண்டையார்பேட்டை. எண்ணெய்க் கிடங்கின் வாசல். மேஜைமேல் கைப்பேசிகள், தீப்பெட்டிகள், பாதி தீர்ந்த பீடிக்கட்டு. காவலர் ஒவ்வொன்றுக்கும் டோக்கன் தருகிறார். பீடிக்கட்டுக்கும்.

டீசல் டேங்க் காலி. சுவரில் புது வெள்ளை, ஏணியில் புது மஞ்சள். பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை.

கீழே மேன்ஹோல் திறந்திருக்கிறது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒரு பெரியவர், மடியில் நோட்டு. உள்ளே போகிறவர் பெயர், நேரம். வெளியே வருகிற நேரம். எழுந்து போக அவருக்கு அனுமதியில்லை.

அதிகாரி மீட்டரின் குழாயை உள்ளே விடுகிறார். ஆக்ஸிஜன் 20.9. கேஸ் 0. பெர்மிட்டில் கையெழுத்து. இன்னொரு கையெழுத்து. காகிதம் பறக்கிறது. டேங்க் சோதனைக்கான ஓ.ஐ.எஸ்.டி. 129 விதிநூலைத் தூக்கி அதன்மேல் வைக்கிறார்கள்.

உள்ளே 24 வோல்ட் விளக்கு. அடித்தகடுகள் விளிம்பின்மேல் விளிம்பு ஏறிக் கிடக்கின்றன. ஏறிய இடமெல்லாம் வெல்டிங். ஒருவரிடம் பிரஷ், பக்கெட்டில் சோப்புத் தண்ணீர். மற்றவரிடம் கண்ணாடி மூடிய நீளப் பெட்டி; அடி விளிம்பில் ஸ்பாஞ்ச் ரப்பர்.

பிரஷ் ஓடுகிறது. பெட்டி உட்காருகிறது. உள்ளிருக்கும் காற்று உறிஞ்சப்படுகிறது. முள் நகர்கிறது. இரண்டு தலைகள் குனிகின்றன. வெல்டிங் தையலில் ஓட்டை இருந்தால் அடியிலிருந்து காற்று ஏறும். குமிழ் வரும்.

வரவில்லை. சாக்பீஸில் ஒரு டிக். பெட்டி அடுத்த இடத்துக்கு, பழைய இடத்தை ஒட்டி ஏறினாற்போல்.

தடவல். குனிதல். டிக்.

தடவல். குனிதல். குமிழ்கள்!

"நுரை அடிச்சி வச்சிருக்கியேப்பா. மெதுவா தடவு."

துடைப்பு. தடவல். டிக்.

மூன்றாமவர் தகட்டில் ஜெல் வைத்துக் கருவியின் முனையை அழுத்துகிறார். கனம் 6.1 மில்லிமீட்டர். 5.9. 6.0. 4.2. ஜெல்லைத் துடைத்து மறுபடி அழுத்துகிறார். 4.1. தகட்டின் மேற்பக்கம் வழவழவென்றிருக்கிறது. துரு தின்பது மண்ணில் படிந்த மறுபக்கத்தை. டேங்க் கட்டிய பிறகு அங்கே எந்த பிரஷும் போனதில்லை.

சாக்பீஸ் வட்டம்.

மதிலுக்கு வெளியே தெருக்குழாய். 2013இல் இந்தப் பேட்டையின் ஆழ்குழாய்க் கிணறுகளில் டீசல் வந்தது. மண்ணுக்குள் போகும் எண்ணெய்க் குழாயின் கசிவு. ஒரு பெண் குடத்தை நிரப்புகிறாள். முகர்ந்து பார்க்கிறாள். இடுப்பில் ஏற்றுகிறாள்.

உள்ளே, வட்டத்தை ஒட்டிய தையலில், கடுகளவு குமிழ். உடைகிறது. அதே இடத்தில் இன்னொன்று.

"சார்."

சூப்பர்வைசர் தவழ்ந்து வருகிறார். பிறகு இன்ஜினியர். பிறகு ஹெல்மெட்டில் ஸ்டிக்கர் கிழிக்காத ஒருவர்.

"எங்கப்பா?"

பிரஷ் ஓடுகிறது. பெட்டி உட்காருகிறது. குமிழ் வருகிறது. ஸ்டிக்கர்காரர் தலையாட்டுகிறார்.

வெளியே மேலாளர் வந்து நிற்கிறார். தாமும் பார்க்க வேண்டுமாம். நாற்காலிப் பெரியவர் பேனாவைத் திறந்து அவர் பெயரைக் கேட்கிறார்.