லாஹௌலில் இரண்டு இரவுகள்

டில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் குளிர்காலம் வந்ததும் பெட்டியிலிருந்து கம்பளியை எடுப்பது வழக்கம். குளிரைத் தேடிக்கொண்டு போவது வழக்கமன்று. ஆயினும் சென்ற டிசம்பர் மாதம் இரண்டாம் வாரத்தில், பனிமலையைக் கண்ணாரக் காணவேண்டும் என்ற ஆவலால், நானும் என் மனைவியும் பத்து வயது மகளும், சென்னையிலிருந்து வந்திருந்த என் தாயாரும் லாஹௌல் பள்ளத்தாக்குக்குப் புறப்பட்டோம். தாயாருக்கு வயது எழுபத்திரண்டு. விடுதிக்கு விடுதி மாறுவது அவருக்குச் சிரமம் என்பதால் கேரவன் வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டோம். படுக்கை, அடுப்பு, கழுவுதொட்டி, கழிப்பறை யாவும் அதற்குள்ளேயே அடக்கம். அடியில் 80 லிட்டர் கொள்ளும் தண்ணீர்த் தொட்டி; அதிலிருந்து நீரை இழுத்துக் குழாய்களுக்கு அனுப்ப ஒரு சிறு மின்சாரப் பம்பு; நீரைச் சூடாக்க ஒரு கீசர். சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம் என்றே சொல்லலாம்.

டில்லியிலிருந்து மணாலி சுமார் 530 கிலோமீட்டர். மண்டி, குலு ஆகிய ஊர்களைக் கடந்து பியாஸ் நதியின் கரையோடு சாலை ஏறிச் செல்கிறது. முன்னாளில் மணாலிக்கு அப்பால் போவோர் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயைத் தாண்டியாக வேண்டும். பனி விழுந்தால் கணவாய் மாதக்கணக்கில் அடைபட்டுப்போகும். லாஹௌல் மக்கள் வெளியுலகத் தொடர்பின்றித் தம் வீடுகளுக்குள் ஒடுங்கியிருப்பார்கள். 2020ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை அந்த நிலையை மாற்றிவிட்டது. மலையைக் குடைந்து 9.02 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைத்திருக்கிறார்கள். இப்பக்கம் தேவதாரு மரங்கள் அடர்ந்த பச்சை மலைச்சரிவில் நுழைகிறோம். சில நிமிஷங்களில் அப்பக்கம் மரமற்ற பழுப்பு மலைகளும் வெண்பனிச் சிகரங்களும் கண்ணைக் கூசச் செய்கின்றன. அருகே சந்திரா நதியின் கரையில் இருப்பது சிஸ்ஸு கிராமம். உயரம் 3,000 மீட்டருக்கு மேல். ஆற்றின் எதிர்க்கரையில் மலையிலிருந்து விழும் அருவி, நாங்கள் சென்றபோது பாதி உறைந்து, பளிங்குத் தூண்போல் நின்றிருந்தது. தாயார் அதை நோக்கிக் கைகூப்பினார்.

மணாலியிலேயே தண்ணீர்த் தொட்டியை விளிம்புவரை நிரப்பிக்கொண்டிருந்தோம். அது தாயாரின் ஏற்பாடு. 2019ஆம் ஆண்டு கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, லாரித் தண்ணீருக்காகக் குடங்களுடன் காத்து நின்றவர் அவர். வீட்டில் ஒரு பாத்திரம் காலியாக இருந்தாலும் அவருக்கு உறக்கம் வராது. “நிறைந்த தொட்டி இருந்தால் எந்த ஊரிலும் பயமில்லை” என்றார். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது.

சிஸ்ஸுவில் ஒரு வீட்டுக்காரரிடம் அனுமதி பெற்று அவர் முற்றத்தில் வண்டியை நிறுத்தினோம். அந்த வீட்டு மூதாட்டி வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தண்ணீரை எடுத்துவிட்டீர்களா?” என்று ஹிந்தியில் வினவினார். தண்ணீர் பிடித்துக்கொண்டீர்களா என்று உபசாரமாகக் கேட்கிறார் என எண்ணிய என் மனைவி, “தொட்டி நிறைய இருக்கிறது, மாஜி” என்று பெருமையுடன் பதிலளித்தாள். மூதாட்டி ஏதோ சொல்லத் தொடங்கி, நாங்கள் புன்னகை செய்வதைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நள்ளிரவில் டிரைவர், பாட்டரி தீர்ந்துவிடுமோ என்று அஞ்சி, வண்டியின் உட்புறத்துக்குச் சூடு தரும் சாதனத்தை நிறுத்திவிட்டார். இரண்டிரண்டு ரஜாய்களின் கீழ் நாங்கள் அதனை அறியவில்லை. விடியற்காலையில் காப்பி போட எழுந்த தாயார் குழாயைத் திருப்பினார். பம்பு முனகியது, ஒரு சொட்டு நீரும் வரவில்லை.

“ஏண்டாப்பா, ராத்திரி நிறைத்து வைத்த தண்ணீர் எங்கே போயிற்று?”

வெளியே தொங்கவிட்டிருந்த தெர்மாமீட்டர் மைனஸ் 11 டிகிரி காட்டியது. தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். மேலே மெல்லிய பனித்தகடு. அதன்கீழ் நீர் தளதளத்துக்கொண்டுதானிருந்தது. 80 லிட்டர் நீர் ஓர் இரவில் முழுதும் உறைந்துவிடாது. வண்டியின் அடியில் காற்றுக்கு எதிரே ஓடும் விரல் பருமன் குழாய்களோ அடியோடு உறைந்துவிட்டிருந்தன. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் நாக்கை நனைக்க வழியில்லை.

டிரைவர் ஒரு பழைய துணியை எரியவிட்டு, வண்டியின் அடியில் குழாய்க்கு நேரே பிடிக்கப் போனார். மூதாட்டி ஓடிவந்து அவர் கையைத் தட்டிவிட்டார். அடுப்புக்குப் போகும் காஸ் குழாயும் அதே இடத்தில்தான் ஓடுகிறது என்பதை அப்பொழுதுதான் கவனித்தோம். அந்த அம்மையார் ஓடிவந்திராவிட்டால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணினால் இன்றும் உடல் நடுங்குகிறது.

எங்களைத் தம் வீட்டுக்குள் அழைத்துச் சென்றார். லாஹௌல் வீடுகளில் குளிர்காலத்துக்கென்றே ஓர் அறை உண்டு. நடுவில் ‘தந்தூர்’ என்று அவர்கள் சொல்லும் இரும்பு அடுப்பு. அதன் புகை ஒரு குழாய் வழியாகக் கூரைக்கு வெளியே போய்விடுகிறது. அடுப்பின்மேல் எப்பொழுதும் ஒரு பாத்திரத்தில் நீர் கொதித்துக்கொண்டிருக்கும். தாயாரை அதன் அருகில் அமர்த்திக் கையில் தேநீரைக் கொடுத்தார். முற்றத்துக் குழாயிலிருந்து நீர் நூல்போல் ஒழுகிக்கொண்டிருந்ததைக் கண்ட தாயாருக்கு மனம் பொறுக்கவில்லை. எழுந்துபோய் அதை இறுக மூடப் பார்த்தார். மூதாட்டி சிரித்துக்கொண்டே தடுத்தார். ஓடும் நீர் எளிதில் உறையாது. மூடிவிட்டால் மார்ச் மாதம்வரை அந்தக் குழாயில் நீர் வராது என்று விளக்கினார். ஓடவிட முடியாத குழாய்களை நவம்பரிலேயே காலி செய்து திறந்துவைத்து விடுவார்களாம். முதல் நாள் மாலை அவர் கேட்ட கேள்வியின் பொருள் அப்பொழுதுதான் எங்களுக்கு விளங்கியது.

சுரங்கப்பாதை வழியாகத் திரும்பி, நண்பகல் வெயிலில் குலுவை நோக்கி இறங்கினோம். உறைந்தது உருகினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. பம்பின் விசையை அணைக்க மறந்திருந்தோம். குலுவை நெருங்கும்போது மகள், “பாட்டி படுக்கைக்குக் கீழே ஆறு ஓடுகிறது!” என்று கூவினாள். வண்டியை நிறுத்திப் பார்த்தால் மெத்தையின் அடிப்பாகமும் ரஜாய்களும் நனைந்து, தாயாரின் மருந்துப் பை நீரில் மிதந்தது. குழாய் வெடித்தது இரவில். பனிக்கட்டியே அடைப்பாக நின்று அதை மறைத்திருந்தது. உருகிய பிறகே குற்றம் வெளியாயிற்று.

குலுவில் ஒரு பட்டறைக்காரர் பலகையைப் பெயர்த்துக் காட்டினார். பம்பை அடுத்திருந்த பில்டரின் பிளாஸ்டிக் கிண்ணம் இரண்டாகப் பிளந்திருந்தது. பம்பின் தலையில் ஒரு கீறல். ஒரு குழாய் மூட்டு கழன்றிருந்தது. அவர் கூறிய காரணம் எளிது. தண்ணீர் 4 டிகிரி வரையில் குளிரக் குளிரச் சுருங்கும். அதற்குக் கீழே விரியத் தொடங்கும். பனிக்கட்டியாக மாறும்போது சுமார் 9 சதவீதம் பெருத்துவிடும். குழாயில் முதலில் உறைந்த கட்டி தக்கைபோல் அடைத்துக்கொள்கிறது. அது வளர வளர, மூடிய குழாய்த் திருகுக்கும் தனக்கும் இடையில் அகப்பட்ட நீரை நெருக்குகிறது. அந்த நீர் போக வழியில்லாமல், எந்த இடம் பலவீனமோ அந்த இடத்தைப் பிளக்கிறது. திருகு திறந்திருந்தால் நெருக்கம் குறையும். குழாயில் நீரே இல்லாவிட்டால் பிளக்க எதுவுமில்லை.

வண்டியை வாடகைக்குக் கொடுத்தவர்கள் இதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பனிப்பிரதேசம் செல்லும் அன்பர்களுக்குப் பயன்படுமாதலால், பட்டறைக்காரர் கற்பித்த முறையை இங்கே வரிசையாகக் குறிப்பிடுகிறேன்.

முதலில் பம்பையும் கீசரையும் அணைத்துச் சூட்டை ஆறவிட வேண்டும். வடிகால் துவாரம் உள்ள பக்கம் தாழ்ந்திருக்குமாறு வண்டியை நிறுத்தித் தொட்டியின் வால்வைத் திறக்க வேண்டும். கீசரின் நீரைத் தனியாக இறக்க வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். எல்லாக் குழாய்களையும், வெந்நீர்ப் பக்கமும் தண்ணீர்ப் பக்கமும் சேர, திறந்து வைத்து, ஷவரின் தலையைத் தாழத் தொங்கவிட வேண்டும். பின்னர்ப் பம்பைச் சில விநாடிகள் மட்டும் ஓட்டினால் எஞ்சிய நீரைத் துப்பிவிடும். வெறுமனே நெடுநேரம் ஓட்டினால் பம்பு கெடும். பில்டரின் கிண்ணத்தைக் கழற்றி உதறி வைக்க வேண்டும். குழாய்களின் வளைவில் தங்கும் நீரைக் குறைந்த அழுத்தத்தில் காற்றடித்து வெளியேற்றலாம். கழுவுதொட்டியின் அடியிலுள்ள வளைவில் எப்போதும் சிறிது நீர் நிற்கும். அதில் தீங்கற்ற புரொபிலீன் கிளைக்கால் திரவத்தை ஊற்றலாம். மோட்டார் ரேடியேட்டருக்கு ஊற்றும் திரவத்தை இதற்குப் பயன்படுத்தலாகாது. அதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு கலந்திருக்கும். இவ்வளவும் முடிந்தபின் குழாய்களை மூடாமல் திறந்தபடியே விட வேண்டும். கழிவுநீர்த் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். ஆனால் எந்த நீரையும் சாலையில் விடலாகாது. இரவில் அது கண்ணாடிபோல் உறைந்து, பின்னால் வருபவரின் உயிருக்கு உலை வைக்கும்.

குழாய்க்குக் கம்பளியோ பஞ்சோ சுற்றினால் போதாதா என்று கேட்டேன். கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இருக்கும் வெப்பம் விரைவில் போய்விடாமல் தடுக்கிறது, அவ்வளவே. நீண்ட இரவில் அதுவும் தோற்றுவிடும். உறைந்துவிட்டால், குழாய்த் திருகைத் திறந்து வைத்து, வெதுவெதுப்பான ஈரத்துணியைத் திருகின் பக்கத்திலிருந்து மெல்ல ஒற்றி வர வேண்டும். தீயும் கொதிநீரும் கூடா. கரி அங்கீட்டியை வண்டிக்குள் வைத்துக்கொண்டு உறங்குவது எல்லாவற்றினும் கொடிது. லாஹௌல் வீட்டின் அடுப்புக்குப் புகைபோக்கி உண்டு, அங்கீட்டிக்கு இல்லை. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணமும் நிறமும் இல்லாதது. உறங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார்.

வண்டியைப் பழுது பார்க்க ஒரு நாள் முழுதும் சென்றது. புதிய பில்டரும் பம்பும் பொருத்தி, நீர் நிரப்பிச் சோதித்துப் பார்த்த பின்னர், மறுபடியும் காலி செய்ய வேண்டும் என்றார் பட்டறைக்காரர். தாயார் தாமே இறங்கிவந்தார். பட்டறையிலிருந்த வாளிகளையெல்லாம் வால்வின்கீழ் வரிசையாக வைக்கச் சொல்லி, தம் கையால் வால்வைத் திருப்பினார். 80 லிட்டர் நீரும் வாளிகளில் நிரம்பியது. அதைப் பட்டறையில் கழுவுவதற்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கடைசிச் சொட்டு விழும்வரை அங்கேயே நின்றார். நிறைத்து வைப்பதையே எழுபது ஆண்டுக் காலம் வழக்கமாகக் கொண்டவருக்கு அது எளிய காரியம் அன்று என்பது எனக்குத் தெரியும்.

குடிநீருக்கென்று ஐந்து லிட்டர் கேன்கள் மூன்றை, விளிம்புவரை நிரப்பாமல் வாங்கிக்கொண்டு, அதே முற்றத்துக்குத் திரும்பினோம். மூதாட்டி வெளியே வந்து அதே கேள்வியைக் கேட்டார். என் மனைவி மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் தாயார் முந்திக்கொண்டு, “காலி, காலி!” என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொல்லே அங்கே ஹிந்திச் சொல்லாகவும் ஆயிற்று. மூதாட்டி கைகொட்டிச் சிரித்தார்.

அன்றிரவு தெர்மாமீட்டர் மைனஸ் 12 டிகிரிக்கு இறங்கியது. கேன்களை எங்கள் படுக்கைகளின் இடையே ரஜாய் போர்த்தி வைத்திருந்தோம். விடியற்காலையில் டிகாக்ஷன் மணம் வந்து என்னை எழுப்பியது. தாயார் ஒரு தம்ளர் காப்பியை மூதாட்டிக்கும் எடுத்துச் சென்றார்.

நம் அன்பர்களுள் சிலர் ஸ்ரீநகரிலும் லேயிலும் உத்தியோக நிமித்தம் குடியிருக்கக் கூடும். காஷ்மீரத்தில் டிசம்பர் 21 முதல் 40 நாட்கள் நீடிக்கும் ‘சில்லை கலான்’ என்னும் கடுங்குளிர்ப் பருவத்தில் வீட்டுக் குழாய்களும் உறைவதுண்டு. வண்டியாயினும் வீடாயினும் முறை ஒன்றே. நீரை ஓடவிடுங்கள், அல்லது சூடான அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் இயலாவிடில் பொழுது சாயுமுன் குழாய்களைக் காலி செய்துவிடுங்கள். எந்த ஊருக்குச் சென்றாலும், அவ்வூர் முதியவர் ஒரு கேள்வி கேட்டால், அதன் பொருள் விளங்கும்வரை நின்று கேட்டுக்கொள்ளுங்கள்.