விலக்கு பெற்ற வண்டி

இங்கிலாந்தில் மூன்று வயது கடந்த மோட்டார் சைக்கிள் ஆண்டுக்கு ஒருமுறை எம்.ஓ.டி. எனப்படும் தகுதிச் சோதனையில் தேற வேண்டும். 1960இல் பத்து வயது கடந்த வாகனங்களுக்கென இது தொடங்கப்பட்டது. பிரேக், விளக்குகள், ஸ்டீரிங் ஆகியவற்றை மட்டுமே அன்று பார்த்தார்கள். 1967இல் வரம்பு மூன்று வயதாகக் குறைந்தது. சோதனைக்குப் பெயர் தந்த போக்குவரத்து அமைச்சகம் அந்தப் பெயரில் இன்று இல்லை. முதலெழுத்துகள் மட்டும் தங்கிவிட்டன.

2018 மே மாதத்தில் இன்னொரு மாற்றம் வந்தது. நாற்பது வயதைத் தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்கப்படாத வண்டிக்குச் சோதனை கட்டாயமில்லை. வண்டியைச் சாலைக்கு ஏற்ற நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு மட்டும் உரிமையாளரிடமே இருக்கும். என்னிடம் இருப்பது 1984இல் பதிவான 350 சி.சி. புல்லட். ரெட்டிச் நகரத்து ஆங்கில வடிவம். பிறந்தது சென்னையை ஒட்டிய திருவொற்றியூரில். 1977இல் தொடங்கிய ஏற்றுமதியின் வழியே தன் மூதாதையரின் நாட்டுக்கு வந்து சேர்ந்த வண்டி. 2024இல் அதற்கும் விலக்கு கிடைத்தது. ஆனாலும் ஆண்டுதோறும் அதைச் சோதனைக்குக் கொண்டுபோகிறேன். நண்பர்கள் இதைப் பழமைவாதம் என்கிறார்கள்.

சோதனைக்கு முந்தைய வாரயிறுதி முழுவதும் வண்டியோடுதான் கழியும். மெயின் ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குவேன். ஹேண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பும்போது நடுவில் எங்காவது தயங்கி நின்றால் பேரிங்கில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று பொருள். பிறகு ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பேன். எஞ்சின் ஓடும்போது ஹேண்டிலை முழுதும் திருப்பினால் அதன் வேகம் கூடக் கூடாது. கூடினால் ஆக்சிலரேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது. சக்கரக் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுவேன். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக முனகும். டயரின் வரிப்பள்ளம் அகலத்தின் முக்கால் பங்கில் குறைந்தது ஒரு மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். 1986 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்பதால் இரண்டு பிரேக்குகளில் ஒன்று பின்விளக்கை எரியவைத்தாலே போதும். புல்லட்டுக்குச் சட்டம் காட்டும் சிறு கருணை அது.

இவ்வளவையும் நானே பார்த்துவிடுகிறேன் என்றால் அந்த 29 பவுண்டு 65 பென்ஸ் வரையிலான கட்டணம் எதற்கு? ஓட்டுபவனின் கை வண்டிக்குப் பழகிவிடுகிறது என்பதுதான் என் பதில். பின்சக்கரத்தைத் தாங்கும் கையில் ஆட்டம் ஒரே நாளில் வருவதில்லை. மயிரிழை மயிரிழையாக அது வளரும்போது உடலும் அதற்கேற்பச் சாய்ந்துகொள்கிறது. முடிவில் அந்தக் குறையையே வண்டியின் சுபாவம் என்று சொல்லத் தொடங்குகிறோம். ஆண்டுக்கு ஒருமுறை வண்டியைத் தொடும் அந்நியருக்கு இந்தப் பழக்கம் கிடையாது. எதையும் கழற்றிப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை; அசைத்தும் சுழற்றியும் உற்றுநோக்கியும்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இதை எனக்கு உணர்த்தியது ஒரு கோப்பு. எனக்கு முன் இந்த வண்டியை வைத்திருந்த முதியவர் இறந்தபின் அவருடைய மனைவியிடமிருந்து வாங்கினேன். வண்டியோடு, 1987 முதலான சோதனைச் சான்றிதழ்கள் அடுக்கிய அட்டைக் கோப்பையும் தந்தார். ஒவ்வொரு சான்றிதழிலும் அன்றைக்கு மீட்டர் காட்டிய மைல் கணக்கு உண்டு. அடுத்தடுத்த தாள்களைக் கழித்துப் பார்த்தால் ஒரு மனிதரின் ஆண்டுகள் தெரியும். தொண்ணூறுகளில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான மைல்கள். பிறகு சில நூறுகள். கடைசி இரண்டு தாள்களுக்கு இடையே வெறும் 14 மைல். அவர் வீட்டிலிருந்து சோதனை நிலையத்துக்கு ஏழு மைல். போய்வந்த தூரம் மட்டுமே அந்த ஓராண்டின் ஓட்டம்.

அதைப் பற்றி அந்த அம்மாளிடம் கேட்டேன். கடைசி முறை வண்டியில் ஒரு குறையும் இல்லையாம். வண்டியை ஸ்டாண்டில் ஏற்ற அவர் மூன்று முறை முயன்று தோற்றதைச் சோதனையாளர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாராம். சான்றிதழை நீட்டும்போது, "அடுத்த முறை நான் வந்து வண்டியை எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் ஓட்டிவர வேண்டாம்" என்றாராம். வீடு திரும்பியவர் சாவியை மனைவியின் கையில் கொடுத்துவிட்டார். "நாற்பத்தாறு வருடம் கூடவே இருந்தேன். அவர் கை தளர்ந்தது என் கண்ணில் படவில்லை," என்றார் அந்த அம்மாள்.

வண்டிக்கு நாற்பது வயதானால் அதைப் பார்க்க யாரும் வேண்டாம் என்று சட்டம் சொல்வதில் நியாயம் இருக்கலாம். பழைய வண்டிகளை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அவற்றைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பவர்கள்தாம். ஆனால் கண்ணுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. எனக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. புல்லட்டை ஸ்டாண்டில் ஏற்ற இன்னும் ஒரே மூச்சு போதும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதையும் யாராவது ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கட்டும்.