முட்டைக்குள் அம்மா

(இரண்டாமாண்டு இளமறிவியல், விலங்கியல்)

அதியமான்கோட்டைக்காரி கட்டுரை எழுதினால் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையில்தான் தொடங்குவாள் என்று தோழியர் கேலி செய்வார்கள். நான் தவளையில் தொடங்குகிறேன்.

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் தண்ணீர் நின்றது. இரவெல்லாம் தவளைக் கச்சேரி. விடியலில் போய்ப் பார்த்தால், கடுகை இறைத்தாற்போல நீரெங்கும் கருப்பு முட்டைகள்! ஒரு கையளவு அள்ளிக் குண்டானில் விட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"சோறாக்கற பாத்திரத்துல இதென்ன பாப்பா?" என்று அம்மா திட்டினாள்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முட்டையும் பிளந்து பிளந்து, எங்கள் பக்கத்துப் பட்டுப்பூச்சிக்காரர் தோட்டத்து மல்பெரிப் பழம்போலத் தெரிந்தது.

அதற்கு முந்தைய வாரம்தான் கருவியல் வகுப்பில் எங்கள் பேராசிரியர், "முட்டை இரண்டாகி, நான்காகி, எட்டாகிறதே, உத்தரவு போடுவது யார்?" என்று கேட்டிருந்தார். "ஜீன்கள் ஐயா" என்றேன். "யாருடைய ஜீன்கள்?" என்றார். விழித்தேன்.

பிறகு அவரே சொன்னார். ஆய்வுக்கூடங்களில் பயன்படும் ஆப்பிரிக்க நகத் தவளையின் முட்டை ஒரு மில்லிமீட்டரைச் சற்றே மீறும். கருவுற்று சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முதல் பிளவு. பின்னர் அரை மணிக்கு ஒன்றாக, எல்லா உயிரணுக்களும் ஏறக்குறைய ஒன்றாகவே பிளக்கின்றன. பன்னிரண்டு பிளவுகளில் நாலாயிரம் உயிரணுக்கள். நண்பர்களே, இத்தனை ஓட்டத்திலும் கருவின் சொந்த ஜீன்கள் அநேகமாக வாய் திறப்பதே இல்லை! முட்டை உருவானபோதே தாய்த் தவளை சேர்த்துவைத்த புரதங்களும் தூது ஆர்.என்.ஏ.க்களும்தான் வேலையை நடத்துகின்றன. ஜீன்கள் படியெடுக்கப்படுவதைத் தடுக்கும் காளான் நஞ்சு ஒன்றை உள்ளே செலுத்தினாலும் இந்தப் பிளவுகள் நிற்பதில்லை. அதற்கு அப்பால்தான் கரு தடுமாறி நின்றுவிடுகிறது.

அப்படியானால் ஜீன்களை எழுப்புவது எது? கடிகாரமா? 1982ஆம் ஆண்டு ஜான் நியூபோர்ட், மார்க் கிர்ஷ்னர் என்னும் அமெரிக்க அறிஞர்கள் முட்டைக்குள் கூடுதல் டி.என்.ஏ.வைச் செலுத்திப் பார்த்தார்கள். படியெடுப்பு முன்கூட்டியே தொடங்கிவிட்டது! தாய் வைத்த சரக்கிலேயே ஜீன்களை அடக்கிவைக்கும் பொருளும் இருக்கிறது. கரு பருப்பதில்லை, உள்ளே டி.என்.ஏ. மட்டும் இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது. பங்கிட்டுப் பங்கிட்டு அந்தப் பொருள் பற்றாமல் போகும்போது ஜீன்கள் விழிக்கின்றன. ஹிஸ்டோன் புரதங்கள் அவ்வாறு அடக்குபவை என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஒருசில ஜீன்கள் சற்று முன்னதாகவே விழித்துக்கொள்வதும் தெரியவந்தது. (எங்கும் அவசரக்காரர்கள் உண்டு போலும்!) நம்மூர்த் தவளைக்கு மணிக்கணக்கு மாறலாம்.

ஊட்டுவதும் அவளே, அடக்குவதும் அவளே. இதைக் கேட்ட அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

அப்பா காலமானபின் என் அம்மா புளி தட்டும் கூலிக்குப் போகிறாள். கொட்டை எடுத்த புளிக்குக் கிலோக் கணக்கில் காசு. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக இரண்டு நாள் கூலியை விட்டு என்னோடு அலைந்தவள் அவள்தான். "காலேஜு முடிச்சா போதும், தர்மபுரியத் தாண்டி எங்கயும் போகக் கூடாது" என்று சொல்லிவைத்திருப்பவளும் அவள்தான். ஐதராபாத்தில் எம்.எஸ்சி. படிக்க நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்ற என் ஆசையை அவளிடம் எப்படிச் சொல்வது? ஆறு மாதமாக விழுங்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் குண்டானில் வால்கள் துடித்தன. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"அட, உசுரு வந்துடுச்சே! கொண்டுபோய் விட்டுடு பாப்பா. எனக்குக் குண்டான் வேணும்."

இருவருமாகப் பள்ளத்துக்குப் போனோம். தலைப்பிரட்டைகளை நீரில் விடும்போது, அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன்.

"அது எவ்ளோ தூரம்?"

"பஸ்ஸுல ஒரு ராத்திரிக்கு மேல ஆகும்மா."

அவள் ஒன்றும் பேசவில்லை. மண்ணைப் போட்டுக் குண்டானைத் தேய்த்துக் கழுவினாள். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் கேட்டாள்:

"அந்தப் பரீட்சைக்கு எவ்ளோ பணம் கட்டணும்?"